திமிங்கிலத் தகடு, சத்தியமங்கலத்து யானை எலும்பு: உடம்பு எழுதி வைக்கும் கணக்கு

ஒரு திமிங்கிலம் என்ன சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு காலத்தில் ஒரே வழிதான் இருந்தது. கொன்று, வயிற்றைக் கிழித்துப் பார்ப்பது.

இதற்கு நம் பக்கத்துக் கடலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1965, 1966 நவம்பர் மாதங்களில் சோவியத் ஒன்றியத்தின் வேட்டைக் கப்பல்கள் அரபிக்கடலில் 242 கூன்முதுகுத் திமிங்கிலங்களைக் கொன்றன. ஓமன், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்குக் கரை ஆகிய மூன்றையும் ஒட்டிய கடல் அது. சட்டத்துக்குப் புறம்பான வேட்டை என்பதால் கணக்கு வெளியே வரவில்லை. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு, 1997-ல் யூரி மிகாலெவ் என்ற ஆய்வாளர் வெளியிட்ட கட்டுரையில்தான் விவரம் முழுசாகத் தெரிந்தது.

அந்த விவரத்தில் ஓர் ஆச்சரியமும் இருந்தது. மற்ற கடல்களின் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கோடையில் குளிர்ந்த துருவக் கடலுக்குப் போய் வயிறாரத் தின்னும். குளிர்காலத்தில் வெப்பக் கடலுக்கு வந்து குட்டி போடும். வருஷா வருஷம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடையாய் நடக்கிற பிழைப்பு. அரபிக்கடல் கூட்டம் மட்டும் எங்கேயும் போவதில்லை. தின்பதும் இங்கேதான், குட்டி போடுவதும் இங்கேதான். இதற்கு ஆதாரமாக அமைந்தவை, செத்த விலங்குகளின் வயிற்றில் இருந்த இரையும், கருவில் இருந்த குட்டிகளின் நீளமும். ஒரு கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள, அந்தக் கூட்டத்தையே பெரும்பாலும் காலி செய்ய வேண்டியிருந்தது என்று கூடச் சொல்லலாம். அது இன்றுவரை மீளவில்லை.

இவ்வளவு செய்தும் வயிறு சொல்வது என்ன? கடைசி வேளைச் சாப்பாட்டை மட்டும். போன மாசம் எங்கே இருந்தது, மூன்று வருஷம் முன்னால் எந்தக் கடலில் மேய்ந்தது என்று வயிற்றுக்குத் தெரியாது. அதைச் சொல்ல உடம்பில் வேறு ஒரு பதிவேடு இருக்கிறது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்ட கதைதான் இந்தக் கட்டுரை. கதை ஆர்க்டிக் கடலில் ஆரம்பித்து நம் சத்தியமங்கலம் காட்டுக்கு வரும். முக்கியமான திருத்தம் ஒன்று நம்ம காட்டில்தான் போடப்பட்டது என்பதால் எழுதுகிறேன்.

ஒரே தனிமம், இரண்டு எடை

பள்ளிக்கூடத்தில் ஐசோடோப் படித்திருப்போம். ஒரே தனிமம், ஆனால் அணுவின் எடை வேறு. கார்பனில் 100-க்கு ஏறக்குறைய 99 அணுக்கள் கார்பன் 12. மீதி ஒன்று கொஞ்சம் கனமான கார்பன் 13. இரண்டுமே நிலையானவை. பழைய பொருள்களின் வயதைக் கணக்கிட உதவும் கார்பன் 14 மாதிரி சிதைந்து போகாது. ஆயிரம் வருஷம் கழித்து அளந்தாலும் விகிதம் அப்படியே இருக்கும்.

இந்த விகிதம் பொருளுக்குப் பொருள் மிகச் சிறிதளவு மாறும். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கிடைத்த ஒரு கடல்வாழ் புதைபடிவத்தின் சுண்ணாம்பைப் பூச்சியம் என்று வைத்துக்கொண்டு, அதைவிட ஆயிரத்துக்கு எத்தனை பங்கு கூட, எத்தனை பங்கு குறைவு என்று எழுதுவார்கள். மைனஸ் 27 என்றால், அந்தப் படிவத்தைவிடக் கனமான கார்பனின் விகிதம் ஆயிரத்துக்கு 27 பங்கு குறைவு என்று அர்த்தம். அவ்வளவுதான் கணக்கு.

1978-ல் மைக்கேல் டிநீரோ, சாமுவேல் எப்ஸ்டைன் என்ற இரண்டு கலிஃபோர்னிய ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் விலங்குகளுக்கு அளந்து தீனி போட்டு வளர்த்துப் பார்த்தார்கள். தீனியின் கார்பன் விகிதம் சிறு மாற்றத்தோடு அப்படியே உடம்புக்கு வந்தது. 1981-ல் நைட்ரஜனிலும் இதையே செய்தார்கள். நைட்ரஜன் 15 உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறும்போது ஆயிரத்துக்கு 3 அல்லது 4 பங்கு கூடும். அதாவது, நுண்ணுயிரைத் தின்கிற இறாலுக்கு ஓர் அளவு, இறாலைத் தின்கிற மீனுக்கு அதைவிடக் கூட, மீனைத் தின்கிறதுக்கு இன்னும் கூட. கார்பன் எங்கே மேய்ந்தாய் என்று சொல்லும். நைட்ரஜன் எந்தப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று சொல்லும்.

வாயில் தொங்கும் நாட்குறிப்பு

திமிங்கிலத்துக்கு வருவோம். நீலத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம், ஆர்க்டிக்கின் போஹெட் திமிங்கிலம் எல்லாம் பல் இல்லாதவை. மேல்தாடையில் சீப்பு மாதிரி வரிசையாகத் தகடுகள் தொங்கும். பலீன் என்று பெயர். கடல்நீரை வாயில் வாங்கி வெளியே தள்ளும்போது சின்னச் சின்ன இரைகள் இதில் வடிகட்டி நிற்கும். இந்தத் தகடு நம் நகம் இருக்கிறதே, அதே கெரட்டின். ஈறிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். வளர்ந்த பகுதி செத்த பொருள். உடம்பு திரும்பப் போய் அதைத் திருத்தாது. அதனால் ஈறு பக்கம் இருப்பது போன வாரம் தின்றது, நுனியில் இருப்பது பல வருஷம் முன் தின்றது.

அலாஸ்காவின் டொனால்ட் ஷெல்லும் அவருடைய சகாக்களும் போஹெட் திமிங்கிலத்தின் தகடுகளை இஞ்சு இஞ்சாக அளந்து 1989-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே இனுபியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பாட்டுக்காகக் கொஞ்சம் திமிங்கிலங்களை வேட்டையாடுகிறவர்கள். அப்படிக் கிடைத்த விலங்குகளின் தகடுகள் உதவின. கார்பன் அளவு தகட்டின் நெடுகிலும் அலை மாதிரி ஏறி இறங்கியது. காரணம், அந்தத் திமிங்கிலம் குளிர்காலத்தில் பெரிங் கடலிலும் கோடையில் போஃபோர்ட் கடலிலும் இருக்கும். இரண்டு கடலின் மிதவை உயிர்களுக்கும் கார்பன் விகிதம் வேறு. ஓர் ஏற்றம் ஓர் இறக்கம் சேர்ந்தால் ஒரு வருஷம். மரத்தில் வளையம் எண்ணுகிற மாதிரி, அலையை எண்ணி இளம் திமிங்கிலங்களின் வயதையும் சொல்ல முடிந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது 2019-ல் வந்த ஆய்வு. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பெரிய கூடத்தில் 'ஹோப்' என்ற நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகிறது. 1891-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் கரை ஒதுங்கியது. அதன் பலீன் தகடும் பத்திரமாக இருந்தது. கிளைவ் ட்ரூமேனும் குழுவினரும் அதை அளந்தார்கள். ஆனால் அளவு மட்டும் இருந்தால் போதாது. ஒரே மாதிரியான அலையைப் பல காரணங்கள் உண்டாக்கலாம். அதனால் கம்ப்யூட்டருக்குள் திமிங்கிலங்களை நீந்த விட்டார்கள். ஒரே இடத்தில் தங்கும் திமிங்கிலம், வடக்கும் தெற்கும் போய்வரும் திமிங்கிலம் என்று மாதிரிகளை ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் தகடு எப்படி இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள். பிறகு நிஜத் தகட்டோடு ஒப்பிட்டார்கள். மிகவும் பொருந்திய கதை இது: குறைந்தது ஒரு முழு வருஷம் மித வெப்பக் கடலிலேயே தங்கல், அதற்குப் பிறகு மூன்று வருஷம் தொடர்ந்து வடக்குக்கும் தெற்குக்கும் போய்வருதல், பிறகு மரணம்.

நிரல் எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இது பழகின வேலையாகத் தெரிகிறது. லாக் ஃபைல் மட்டும் இருக்கிறது, மெஷின் செத்துப்போய்விட்டது. என்ன நடந்திருந்தால் இப்படி ஒரு லாக் வந்திருக்கும் என்று திரும்ப ஓட்டிப் பார்க்கிறோம். 128 வருஷம் பழைய லாக் என்பதுதான் வித்தியாசம்.

சோளக்காடும் நெல்வயலும்

கடலில் கார்பன் விகிதம் இடத்துக்கு இடம் மாறுகிறது. நிலத்தில் வேறு ஒரு பிரிவு இருக்கிறது. அது இன்னும் கூர்மையானது. நம் கொங்குக் காடு தோட்டத்தையே இரண்டாக வெட்டிவிடும்.

செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை முக்கியமாக இரண்டு. நெல், பயறு, அவரை, தென்னை, வாழை, மஞ்சள், பருத்தி, ஏறக்குறைய எல்லா மரங்களும் சி3 வகை. இவை கனமான கார்பனை நிறையவே ஒதுக்கும். அளவு மைனஸ் 27 பக்கம் வரும். சோளம், கம்பு, ராகி, மக்காச்சோளம், கரும்பு, வெப்பமான வறண்ட பூமியின் பெரும்பாலான புற்கள் எல்லாம் சி4 வகை. இவை அவ்வளவாக ஒதுக்காது. அளவு மைனஸ் 13 பக்கம். இரண்டுக்கும் நடுவே குழப்பமே வராத இடைவெளி. மூங்கிலும் புல் குடும்பம்தான், ஆனால் சி3. இந்த விவரம் யானை விஷயத்தில் தேவைப்படும்.

இந்த இரண்டாவது முறை தெரியவந்ததே கரும்பால்தான். ஹவாயில் கோர்ட்ஷாக் குழுவினர் 1965-ல் கரும்பு இலையில் இது வழக்கமான வழி இல்லை என்று எழுதினார்கள். அடுத்த வருஷம் ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் இருவரும் கரும்பை வைத்தே வழியை விளக்கினார்கள். கோயமுத்தூரில் 1912-லிருந்து கரும்பு இனப்பெருக்க நிலையம் இருக்கிறது. 1918-ல் வெளிவந்த கோ 205 ரகம் தொடங்கி, இங்கே ஒட்டுச் சேர்த்த கரும்புகள் உலகம் பூரா போயின. சி4 செடியோடு நம் ஊருக்கு உள்ள உறவு பழையது என்று சொல்ல வந்தேன்.

யோசித்துப் பாருங்க. எங்க அம்முச்சி காலத்தில் வீட்டில் சோளச்சோறு, கம்பஞ்சோறு, ராகிக்களி. நெல்லுச்சோறு நோம்பி நாளுக்கு. மாட்டுக்குச் சோளத்தட்டு, கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல். அந்தப் பாலும் சி4. இன்றைக்கு எனக்கு மூணு வேளையும் அரிசிதான். இரண்டு பேர் எலும்பையும் பெயர் எழுதாமல் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால், இரண்டு வேறு தேசத்து ஆட்கள் என்று சொன்னாலும் ஆச்சரியமில்லை.

ஆசனூர் யானைகள்

1980-களின் தொடக்கத்தில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வு மாணவராக ராமன் சுகுமார் சத்தியமங்கலம், சாமராஜநகர் காடுகளில் யானைகளின் பின்னால் திரிந்தார். திம்பம் மலைப்பாதை ஏறினதும் ஆசனூர், அந்தப் பக்கம் பிளிகிரிரங்கன் மலை. என்ன தின்கிறது, எவ்வளவு நேரம் தின்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்து எழுதினார். மழைக்காலத்தில் இளம்புல். கோடையில் புல் காய்ந்து முரடாகிவிட்டால் தழை, பட்டை, மூங்கில். பருவத்துக்கு ஒரு தீனி.

புல் சி4, தழை, பட்டை, மூங்கில் சி3. அப்படியென்றால் யானை எலும்பில் இரண்டும் கலந்த அளவு இருக்க வேண்டும் இல்லையா? காட்டில் இறந்த யானைகளின் எலும்பை எடுத்து, அகமதாபாத்தில் உள்ள பிசிக்கல் ரிசர்ச் லேபரட்டரியின் அறிவியலாளர்களோடு சேர்ந்து அளந்தார். பட்டாச்சார்யா, கிருஷ்ணமூர்த்தி இருவரோடும் சேர்ந்து 1987-ல் ஒரு கட்டுரை. ரமேஷோடு சேர்ந்து 1992-ல் இன்னொன்று. முதல் கட்டுரை, நான் மேலே சொன்ன போஹெட் கட்டுரைக்கு இரண்டு வருஷம் முந்தியது. ஆர்க்டிக்கிலும் ஆசனூரிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே கேள்வி.

அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு விஷயம். இரண்டுமே நினைத்த மாதிரி இல்லை.

முதல் விஷயம். யானைகள் தின்ற புல், தழை அளவை வைத்துப் பார்த்தால் வர வேண்டியதைவிட, எலும்பில் தழையின் பங்கு கூடுதலாக இருந்தது. வளர்ந்த யானைகளின் அளவு மைனஸ் 16.0 முதல் மைனஸ் 20.3 வரை. எலும்பின் கொலாஜன் தீனியைவிட ஏறக்குறைய 5 பங்கு கூட இருக்கும். அந்தக் கணக்கில் வெறும் தழை என்றால் மைனஸ் 22, வெறும் புல் என்றால் மைனஸ் 8 வர வேண்டும். நடுவில் மைனஸ் 18 என்று எடுத்துக்கொண்டு நாமே வகுத்துப் பார்த்தால், பத்தில் ஏழு பங்கு தழை, மூன்று பங்கு புல். தோராயக் கணக்குதான், ஆனால் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிகிறது.

ஏன் இப்படி? கொலாஜன் ஒரு புரதம். உடம்பு புரதத்தைக் கட்டப் பெரும்பாலும் தீனியில் உள்ள புரதத்தைத்தான் எடுக்கும். புல்லில் புரதம் குறைவு, தழையில் அதிகம். பத்துக் கூடை புல் தின்றாலும் எலும்பில் போய்ச் சேருவது கொஞ்சம். இரண்டு கூடைத் தழையிலிருந்து நிறையச் சேரும். நம் வீட்டில் பெரியவர்கள் சொல்வது போல, "என்ன தின்னாலும் உடம்புல ஒட்ட மாட்டேங்குது." எலும்பு எழுதி வைத்திருப்பது தின்ற கணக்கை இல்லை, ஒட்டின கணக்கை.

இரண்டாவது விஷயம். வளராத இளம் யானைகளின் அளவு மைனஸ் 10.5 முதல் மைனஸ் 22.7 வரை தாறுமாறாக விரிந்து கிடந்தது. ஒன்று ஏறக்குறையப் புல்லை மட்டுமே தின்ற மாதிரி, இன்னொன்று தழையை மட்டுமே தின்ற மாதிரி. ஒரே காடு. குட்டி வளர்கிற வேகத்தில் எலும்பின் கொலாஜன் சீக்கிரம் சீக்கிரமாகப் புதுப்பிக்கப்படுகிறது. அதனால் அது சமீபத்திய பருவத்தை மட்டும் காட்டுகிறது. பெரிய யானையின் எலும்பு மெதுவாக மாறுவதால் பல வருஷத்துச் சராசரி. எழுதினது அழியாமல் அப்படியே நிற்கும் என்று கொலாஜனை நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு இது பெரிய எச்சரிக்கை.

எங்கள் தொழில் மொழியில் சொன்னால், திமிங்கிலத் தகடு ஒரு லாக். வரிக்குக் கீழே வரி சேர்ந்துகொண்டே போகும், பழைய வரி அழியாது. எலும்பு ஒரே ஒரு செல். மேலே மேலே எழுதிக்கொண்டிருக்கும், கடைசியில் நிற்பது சராசரி மட்டும். இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தால் தப்பாகப் போகும். எந்த உறுப்பு, என்ன வயது, எந்தத் தீனியில் எவ்வளவு சத்து என்ற மூன்றையும் கேட்ட பிறகுதான் எண்ணை நம்பலாம். ஆசனூர் எலும்புகள் சொல்லிக்கொடுத்த பாடம் இது. திமிங்கிலத்துக்கும் பொருந்தும், மனுஷனுக்கும் பொருந்தும்.

ராகிக்காட்டில் யானை

சரி, இதனால் தாளவாடி விவசாயிக்கு என்ன பிரயோஜனம்? நியாயமான கேள்வி.

யானை ஏன் காட்டுக்குள் வருகிறது என்பது இங்கே சாயங்கால டீக்கடைப் பேச்சு. (கொங்கில் 'காடு' என்றால் மானாவாரி வெள்ளாமைக் காடு, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன்.) வனத்தில் தீனி இல்லை, அதனால் வருகிறது என்பார்கள் சிலர். ருசி கண்டுவிட்டது, அதனால் வருகிறது என்பார்கள் சிலர். ராத்திரி பூரா பரண் மேல் டார்ச்சும் பட்டாசுமாக உட்கார்ந்திருக்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்; விடியும்போது ராகி போயிருக்கும், சில சமயம் ஆளே போயிருப்பார். பெண் யானைகளைவிட வளர்ந்த ஆண் யானைகள்தான் பல மடங்கு அதிகமாக வெள்ளாமையில் இறங்குகின்றன என்று சுகுமாரின் கள ஆய்வே காட்டியது. எல்லா யானையும் குற்றவாளி இல்லை என்பது அங்கேயே தெரிகிறது.

ஓர் எலும்பை அளந்து, இது ராகி தின்ற யானையா என்று சொல்ல முடியுமா? கார்பனை மட்டும் வைத்து முடியாது. ராகி, மக்காச்சோளம், கரும்பு எல்லாம் சி4, வனத்துப் புல்லும் சி4. வாழை சி3, வனத்துத் தழையும் சி3. திருடின பொருளும் வீட்டுப் பொருளும் ஒரே நிறம்.

ஆனால் யானையிடமும் ஒரு லாக் இருக்கிறது. வால் முடி. பலீன் மாதிரியே கெரட்டின், மாசத்துக்கு ஏறக்குறைய 2 செ.மீ. வளரும். அரை மீட்டர் முடி இருந்தால் ஒன்றரை வருஷத்துக்கு மேல் கதை இருக்கும். கென்யாவின் சம்புரு பகுதியில் துரே செர்லிங் குழுவினர் 2006-ல் இதைச் செய்து காட்டினார்கள். யானைகளின் வால் முடியைத் துண்டு துண்டாக அளந்து, கழுத்தில் கட்டிய ஜிபிஎஸ் பட்டையின் தகவலோடு பொருத்தினார்கள். அங்கேயே தங்கும் யானைகளின் பதிவு ஒரு மாதிரி இருந்தது. ஒரு யானையின் பதிவு மட்டும் மாறியது. அது ஈரமான மலைப்பக்கம் போய், அவ்வப்போது வெள்ளாமையிலும் இறங்கியிருந்தது.

நிறம் ஒன்றாக இருந்தாலும் நேரம் காட்டிக்கொடுக்கும். வனத்தில் புல் காய்ந்து கிடக்கிற மாசத்தில், மற்ற யானைகள் தழைக்கு மாறிவிட்ட நேரத்தில், ஒன்றின் முடியில் மட்டும் சி4 ஏறினால் சந்தேகப்படலாம். எந்த யானை பழக்கமாக வருகிறது, எது வழி தவறி வந்தது என்று பிரித்துப் பார்க்க முடிந்தால், கூட்டத்தையே விரட்டுவதா, ஒன்றை மட்டும் கவனிப்பதா என்ற முடிவுக்கு ஆதாரம் கிடைக்கும். கொல்ல வேண்டியதில்லை, முடி போதும். யானைமுடி மோதிரம் போட்டால் பயம் போகும் என்று நம்மூரில் சொல்வார்கள். அந்த வியாபாரம் சட்டப்படி குற்றம். ஆனால் அந்த முடிக்குள் ஒன்றரை வருஷத்து நடமாட்டம் எழுதியிருக்கிறது என்பது அதைவிட நல்ல தாயத்து.

மண்ணுக்குள் இருப்பவர்கள்

இதே அளவீடு மலைக்கும் பேசியது. 1993-ல் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் நால்வரும் நீலகிரியின் சதுப்பு மண்ணை ஆழம் ஆழமாக அளந்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். மட்கிய செடிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. பனியுகத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 வருஷம் முன், அங்கே சி4 புல் ஓங்கியிருந்தது, அதாவது வறட்சி. பிறகு ஈரம் கூடி சி3 செடிகள் பெருகின. பவானி ஆற்றுக்குத் தண்ணீர் தருகிற மலையின் மழைக்கணக்கு அது. அதைத் தனியாக எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று. நொய்யல் கரையில் கொடுமணல் மாதிரியான இடங்களின் பழைய ஈமக்குழிகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம், எலும்பை அளந்தால் அவர்கள் சோளம் சாப்பிட்டார்களா நெல் சாப்பிட்டார்களா என்று தெரிந்துவிடுமே என்று யாராவது கேட்பார்கள். தெரியும், ஆனால் ஆசனூர்ப் பாடத்தோடு சேர்த்துத்தான் தெரியும். களியில் புரதம் குறைவு. கூட ஊற்றிக்கொண்ட பருப்பிலும் மோரிலும் கறியிலும் அதிகம். தட்டில் முக்கால்வாசி களியாக இருந்தாலும் எலும்பில் குழம்புதான் உரக்கப் பேசும். அந்த மோர் எந்த மாட்டின் மோர், அது எந்தப் புல்லை மேய்ந்தது என்பது அடுத்த கேள்வி. குழியில் கிடப்பது குழந்தையா பெரியவரா என்பது அதற்கடுத்த கேள்வி. இதையெல்லாம் கேட்காமல், எண் மைனஸ் இவ்வளவு, ஆகவே எம் முன்னோர் இன்ன தானியம் உண்டவர்கள் என்று யாராவது அடித்துப் பேசினால், அவர் எலும்பு யாருடையது, என்ன வயசு என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.